லோரிக் கணக்கில் மண் வாங்காதீர்கள்

கேள்வி:

வணக்கம் ஐயா. நாங்கள் கெலுகோரில் முனை வீட்டில் இருக்கிறோம். பக்கவாட்டில் 30 அடி நீளம், 14 அடி அகலத்துக்கு இடம் சும்மா கிடக்கிறது. போன வருடம் ஒரு லோரி கறுப்பு மண் வாங்கிக் கொட்டினோம். இரண்டு மழைக்குப் பிறகு சிமெண்டு போல இறுகிவிட்டது. கிளறினால் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும்தான் வருகின்றன. வைத்த கத்தரியும் வெண்டையும் பிழைக்கவில்லை. இந்த முறை ஒழுங்காகச் செய்ய ஆசை. கொஞ்சம் புல், இரண்டு காய்கறிப் பாத்தி, வீட்டுச் சுவரை ஒட்டி நடக்க ஒரு கல் பாதை, இவ்வளவுதான் எண்ணம். ஒருவர் சின்ன லோரி 280 ரிங்கிட் என்கிறார். இன்னொருவர் பெரிய லோரி 380 என்கிறார். எத்தனை லோரி வேண்டும்? யாரிடம் வாங்குவது? மகள் இட்லிப்பூச் செடிகளைச் சுற்றி வெள்ளைக் கல் போடச் சொல்கிறாள், போடலாமா? என் கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஆனாலும் மண்வெட்டியை நான்தான் பிடிப்பேன் என்று நிற்கிறார்.

– ஒரு வாசகி, கெலுகோர், பினாங்கு

பதில்:

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தில் செங்கல் துண்டும் ஓட்டுச் சில்லும் என்று படித்ததுமே, உங்களுக்கு வந்தது தோட்ட மண் இல்லை என்று தெரிந்துவிட்டது. எங்கோ ஒரு வீட்டை இடித்த இடத்தில் தோண்டி எடுத்த அடிமண் அது. நிறம் கறுப்பாக இருந்ததால் கறுப்பு மண் என்ற பெயரில் உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இருபது வருடத்துக்கு மேலாகத் தோட்ட வேலை செய்கிறேன். பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் நான் அதிகம் சரிசெய்திருப்பது செடியை அல்ல, இப்படி வந்த மண்ணைத்தான்.

எத்தனை லோரி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். லோரி என்பது ஓர் அளவே இல்லை. மூன்று டன் லோரி என்று ஒருவர் சொல்வதும் இன்னொருவர் சொல்வதும் ஒன்றல்ல. தொட்டியின் நீளம் வேறு, பக்கப் பலகையின் உயரம் வேறு, அதில் எதுவரை நிரப்புகிறார் என்பதும் வேறு. அதனால் எத்தனை கன அடி வேண்டும் என்பதை முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். அப்புறம் அவரிடம், உங்கள் லோரியில் எத்தனை கன அடி வரும் என்று கேளுங்கள். நீளம், அகலம், எதுவரை நிரப்புவார் என்ற உயரம், மூன்றையும் அடியில் வாங்கிப் பெருக்கினால் கிடைத்துவிடும். சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

உங்கள் இடத்துக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 அடி அகலத்தில் வீட்டுச் சுவரை ஒட்டி 3 அடி பாதைக்கு ஒதுக்குங்கள். மீதி 11 அடி. 30 அடி நீளத்தில் 18 அடியைப் புல்லுக்கும் 12 அடியைப் பாத்திகளுக்கும் பிரிக்கலாம். புல் பகுதி 18 அடிக்கு 11 அடி, அதாவது 198 சதுர அடி. அதற்கு 3 அங்குல மண் போதும். 3 அங்குலம் என்பது கால் அடி, அதனால் சுமார் 50 கன அடி. பாத்தி இரண்டும் 10 அடிக்கு 4 அடி, உயரம் ஒரு அடி என்று வைத்தால் ஒவ்வொன்றுக்கும் 40, இரண்டுக்கும் 80 கன அடி. நாலடிக்கு மேல் அகலம் வேண்டாம். இரண்டு பக்கமும் நின்று கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். மண்ணில் கால் வைத்து மிதிக்காமல் இருப்பதுதான் பாத்தி கட்டுவதன் பயனே. பாத்திகளுக்கு இடையில் ஒன்றரை அடியும், பக்கத்து வீட்டு மதிலுக்கும் பாத்திக்கும் நடுவே ஒன்றரை அடியும் விட்டுவிடுங்கள். மதில் சுவர் நிற்பதற்குக் கட்டியது, மண்ணைத் தாங்குவதற்குக் கட்டியது இல்லை. மழையில் ஊறிய மண் அதன் மேல் சாய்ந்தால் நாளடைவில் பக்கத்து வீட்டுக்காரரோடுதான் பேச வேண்டி வரும்.

ஆக 130 கன அடி. புதிதாகக் கொட்டிய மண் இளகலாக இருக்கும், சில வாரங்களில் இறங்கிவிடும். அதற்காக 15 விழுக்காடு கூட்டினால் சுமார் 150. இதை அப்படியே 280 ரிங்கிட்காரரிடமும் 380 ரிங்கிட்காரரிடமும் கொண்டு போகலாம். சின்ன லோரியின் தொட்டி 8 அடி நீளம், 5 அடி அகலம், ஒண்ணேகால் அடி உயரத்துக்கு நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 கன அடி. பெரிய லோரி 10 அடி, 6 அடி, அதே உயரம் என்றால் 75 கன அடி. சின்னதில் கன அடி 5 ரிங்கிட் 60 காசு, பெரியதில் 5 ரிங்கிட் 7 காசு. 150 கன அடிக்குச் சின்னதில் மூன்று நடை, 840 ரிங்கிட். பெரியதில் இரண்டு நடை, 760 ரிங்கிட். பெரிய லோரிதான் லாபம் என்று தோன்றும்.

ஆனால் 150 கன அடியும் மண்ணாக இருக்கக் கூடாது. நம் நாட்டில் நாற்றுப்பண்ணைக்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் கலவை 3:2:1. மூன்று பங்கு மண், இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு ஆற்று மணல். புல்லுக்கு இவ்வளவு பக்குவம் தேவையில்லை, பாத்திக்குக் கட்டாயம் வேண்டும். உங்கள் பாத்திகளுக்குத் தேவையான 92 கன அடியை இப்படிப் பிரித்தால் மண் 46, உரம் 31, மணல் 15. புல்லுக்கு வேண்டிய 57-ஐயும் சேர்த்தால், நீங்கள் வாங்க வேண்டிய மண் சுமார் 103 கன அடிதான். சின்ன லோரியில் இரண்டு நடை, 560 ரிங்கிட். பெரிய லோரியில் ஒரு நடை போதாது, இரண்டு நடை எடுத்தால் 47 கன அடி மிஞ்சும். மிஞ்சும் மண்ணைக் கொட்ட உங்களுக்கு இடமும் இல்லை. கன அடி விலை கூடினாலும் உங்களுக்குச் சின்ன லோரிதான் சரி. முனை வீட்டு வாசலில் திரும்புவதற்கும் அதுதான் வசதி. அவர்களுடைய உண்மையான அளவைக் கேட்டுவிட்டு, இதே முறையில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

மணலைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். மணலுக்கு ஒரு குணம் உண்டு. காய்ந்த மணலில் லேசாக ஈரம் ஏறினால் அது உப்பும். நூற்றுக்கு ஐந்தாறு பங்கு ஈரம் இருந்தாலே கன அளவு 20 முதல் 30 விழுக்காடு வரை கூடிவிடும். ஒவ்வொரு மணல் துகளையும் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் நின்று ஒன்றையொன்று விலக்கி வைப்பதால் வருவது இது. வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு பழைய மைலோ டின்னில் ஈர மணலை அழுத்தாமல் விளிம்பு வரை நிரப்புங்கள். பிறகு மெதுவாகத் தண்ணீர் ஊற்றி, மணல் முழுவதும் நனைந்து தண்ணீர் மேலே நிற்கும் வரை விடுங்கள். மணல் மட்டம் விரல்கடை இரண்டு விரல்கடை இறங்கியிருக்கும். இறங்கிய அளவுக்கு அந்த டின்னில் மணலே இருக்கவில்லை. லோரியிலும் இதேதான். ஈர மணலைக் கன அளவில் வாங்கினால் மணல் குறைகிறது, டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். விற்பவர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. மழை நாளில் யாருடைய மணலும் இப்படித்தான் இருக்கும். கணக்கில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வையுங்கள், அவ்வளவுதான். உங்களுக்கு 15 என்றால் 18 கன அடி சொல்லுங்கள்.

கேட்கும்போது ‘பாசிர் சுங்கை’ என்று கேளுங்கள், அதிலும் ‘காசார்’, பெருமணல். பூசு வேலைக்கு வைத்திருக்கும் நைசு மணல் பாத்திக்கு ஆகாது, மண்ணின் இடுக்கை எல்லாம் அடைத்துக்கொள்ளும். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் கசக்கிக் கீழே போடுங்கள். கையில் சேறு போலக் கறை தங்கினால் கழுவாத மணல். நாக்கு நுனியில் ஒரு துளி வைத்து உப்புக் கரித்தால் கடல் மணல், வேண்டவே வேண்டாம். இன்னொன்றும் கேளுங்கள், எந்த ஆற்று மணல் என்று. கெடாவுக்கும் நமக்கும் எல்லையாக ஓடும் சுங்கை மூடாவில்தான் பினாங்கின் குடிநீருக்குப் பெரும் பங்கு எடுக்கிறோம். அதே ஆற்றில் மணலும் அள்ளுகிறார்கள். அனுமதியோடு அள்ளிய மணலா என்று வாங்குகிறவர்கள் கேட்டால்தான் விற்கிறவர்களும் யோசிப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்.

இனி மண். கறுப்பு என்பது ஒரு தகுதி இல்லை அம்மா. உமிக்கரி கலந்தாலும் கறுப்பு, சதுப்பு நிலத்து மண்ணும் கறுப்பு, தார் போட்ட இடத்து மண்ணும் கறுப்பு. இதில் சதுப்பு நிலத்து மண்ணுக்கு மட்டும் தனியாகப் பயப்பட வேண்டும். நம் மேற்குக் கரை ஓரங்களில், பக்காவ் காடு எனும் அலையாத்திக் காடு இருந்த இடங்களில், மண்ணுக்குள் கந்தகமும் இரும்பும் சேர்ந்த பொருள் இருக்கும். தண்ணீருக்கு அடியில் இருக்கும்வரை அது சாது. தோண்டி வெளியே கொட்டிக் காற்றுப் பட்டதும் கந்தக அமிலமாக மாறும். அந்த மண்ணில் வேர் பிடிக்காது, எத்தனை உரம் போட்டாலும் பலன் இருக்காது. அழுகிய முட்டை நாற்றம் அடித்தாலோ, காய்ந்த கட்டியை உடைத்தால் உள்ளே வைக்கோல் மஞ்சள் நிறத்தில் திட்டுத் திட்டாகத் தெரிந்தாலோ தொடாதீர்கள்.

மண் நல்லதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடைக்காரரிடம் போய் ஒரு பை மண் மாதிரி வாங்கி வாருங்கள். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு நன்றாகக் குலுக்கி, ஆடாமல் அசையாமல் ஓரமாக வையுங்கள். ஒரு நிமிடத்தில் மணல் அடியில் படியும். சில மணி நேரத்தில் வண்டல். களிமண் மறுநாள் வரைக்கும் கலங்கலாகவே நிற்கும். மறுநாள் போத்தலைப் பக்கவாட்டில் பார்த்தால் பாத்தியின் வெட்டுமுகம் போலக் கோடு கோடாகத் தெரியும். அடியில் மணல் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், மேலே களி ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமலும் இருந்தால் தைரியமாக வாங்கலாம். மேலே இலைதழைத் துணுக்குகள் மிதந்தால் இன்னும் நல்லது. போன வருடத்து மண்ணை இப்படிக் குலுக்கிப் பாருங்கள். பாதிப் போத்தல் களியாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

அதே மாதிரி மண்ணை ஒரு தட்டில் போட்டு, ஊற வைத்த பச்சைப்பயறைத் தூவித் தண்ணீர் தெளித்து வையுங்கள். மாரியம்மன் திருவிழாவுக்கு முளைப்பாரி போடுவோமே, அதே போலத்தான். நாலைந்து நாளில் சீராக முளைத்து வேர் வெள்ளையாக இறங்கினால் மண்ணில் செடியைக் கெடுக்கும் நஞ்சும் இல்லை, அளவுக்கு மீறிய உப்பும் இல்லை. வேர் நுனி கறுத்துச் சுருண்டால் அந்தக் கடைக்காரருக்கு நன்றி சொல்லிவிட்டு வேறு இடம் பாருங்கள். 560 ரிங்கிட் கொடுப்பதற்கு முன் ஐந்து நாள் காத்திருப்பது பெரிய விஷயம் இல்லை.

நம் ஊர் மண் பொதுவாகப் புளிப்புத்தன்மை, அதாவது அமிலத்தன்மை உள்ளது. செம்மண் கொடுத்தால் வேண்டாம் என்று ஒதுக்க வேண்டாம், சத்துக் குறைவே தவிர அதில் பெரும்பாலும் குப்பை இருக்காது. புளிப்பைக் குறைக்க, பாத்திக்குள் போடும் மண்ணில் சதுர மீட்டருக்கு 100 கிராம் டோலமைட் சுண்ணாம்பைத் தூவிக் கலந்துவிடுங்கள். உரத்துக்கு நன்றாக மக்கிய மாட்டுச் சாணம் கிடைத்தால் முதல் தரம். பச்சைக் கோழி எரு மட்டும் போடாதீர்கள், வேரைச் சுட்டுவிடும், ஈயும் மொய்க்கும். சிலர் களிமண்ணில் மணலைக் கொட்டினாலே இளகிவிடும் என்பார்கள். நம்பாதீர்கள். கொஞ்சம் மணலும் நிறையக் களியும் சேர்ந்தால் செங்கல் சூளைக்குக் குழைத்த மண் போல ஆகிவிடும். இளக்குவது மக்கிய உரம்தான். அதனால்தான் கலவையில் அது இரண்டு பங்கு.

பழைய மண்ணின் மேலேயே புது மண்ணைக் கொட்டிவிடலாமா என்று உங்கள் கணவர் கேட்பார், எல்லாரும் கேட்பார்கள். கூடாது. கீழே இறுகிய தளம் இருந்தால், மேலே எவ்வளவு நல்ல மண் போட்டாலும் மழைத்தண்ணீர் தட்டில் நிற்பது போல நிற்கும், வேர் அழுகும். மழை பெய்த மறுநாள், மண் பதமாக இருக்கும்போது, கடப்பாறையோ முள்மண்வெட்டியோ கொண்டு அரை அடி ஆழத்துக்குக் கிளறி, கல்லையும் சில்லையும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சேறாக இருக்கும்போது கிளறினால் இன்னும் இறுகும். அந்தச் சில்லுகளை எறிய வேண்டாம், பாதையின் அடியில் போட்டு இடித்துவிடலாம்.

இங்கே உங்கள் கணவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதை அவரிடமே படித்துக் காட்டுங்கள். ஐயா, நம் நாட்டு மண்ணிலும் சேற்று நீரிலும் மெலியாய்டோசிஸ் என்ற நோயை உண்டாக்கும் கிருமி இருக்கிறது. சின்னக் கீறல் வழியாக உள்ளே போய்விடும், தூசியோடு மூச்சிலும் போகும். சர்க்கரை நோய் உள்ளவர்களைத்தான் அது அதிகம் தாக்குகிறது, உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எலி நடமாடும் இடத்து மண் என்றால் எலிக்காய்ச்சலும் உண்டு. அதனால் ரப்பர் பூட்ஸ், கையுறை இரண்டும் இல்லாமல் மண்ணில் இறங்காதீர்கள். காலிலோ கையிலோ புண் இருந்தால் அது ஆறும்வரை வேண்டவே வேண்டாம். காய்ந்த மண்ணைத் தண்ணீர் தெளித்துவிட்டு அள்ளுங்கள். வேலை முடிந்த அடுத்த சில வாரங்களில் காய்ச்சல் வந்தால், மண் வேலை செய்தேன் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். 100 கன அடி மண் என்பது ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் நாற்பது, ஐம்பது நடை. எடையில் நாலு டன் வரும். இரண்டு இளைஞர்களை அரை நாள் கூலிக்கு வைத்து அள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் மட்டம் பாருங்கள். மட்டம் பார்ப்பதுதான் அனுபவம் உள்ளவர் செய்ய வேண்டிய வேலை.

மட்டம் என்றதும் இரண்டு விஷயம். வீட்டுத் தரைக்கு அரை அடியாவது கீழேதான் மண் நிற்க வேண்டும். சுவரில் மண் ஏறினால் ஈரம் ஏறும், ஈரத்தோடு கரையானும் ஏறும். நீங்கள் சுவரை ஒட்டிப் பாதை வைக்க நினைத்தது அந்த வகையில் நல்ல யோசனை. அடுத்தது, வீட்டுப் பக்கம் உயர்ந்து மதில் பக்கம் தாழ வேண்டும். 14 அடிக்கு 2 அங்குலம் சரிவு போதும், கண்ணுக்கே தெரியாது, ஆனால் தண்ணீருக்குத் தெரியும். ஒரு தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் பிடித்துப் பார்த்தால் மட்டம் தெரிந்துவிடும். குழி விழுந்து தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசுவுக்கு நாமே இடம் கொடுத்தது ஆகும், அபராதமும் உண்டு.

பாதைக்கு 30 அடிக்கு 3 அடி, 2 அங்குலக் கனம் என்றால் 15 கன அடி. பத்தில் ஒரு பங்கு சேர்த்து 16 அல்லது 17 என்று சொல்லுங்கள். உருண்டைக் கூழாங்கல் பார்க்க அழகுதான், நடந்தால் காலுக்கடியில் உருளும். உடைத்த கருங்கல் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு அசையாமல் நிற்கும். ‘பத்து தீகா சுக்கு’ என்று விற்கும் முக்கால் அங்குலக் கல் கான்கிரீட்டுக்கு நல்லது, நடக்க உறுத்தும். அதைவிடச் சிறியதாக அரை அங்குலத்துக்கு உட்பட்ட கல் கேளுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் விரிக்காதீர்கள், தண்ணீர் தேங்கும். நீரை விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். உங்கள் கணவருக்காக, ஒரு அடிச் சதுர சிமெண்டுப் பலகைகளை ஓர் எட்டு வைக்கும் தூரத்துக்கு ஒன்றாகப் பதித்துவிட்டால் இன்னும் நிம்மதி. எத்தனை பதித்தாலும் அவர் வெறுங்காலோடு கல்லில் நடக்க வேண்டாம். சர்க்கரை நோயில் பாதத்தில் குத்தியது பல நேரம் தெரியாமலே போய்விடும்.

மணல் 18, கல் 17, இரண்டும் சேர்ந்தால் 35 கன அடி. இதற்குத் தனித்தனி லோரி கேட்டால் இரண்டு வாடகை. ஒரே சின்ன லோரியில் நடுவே பலகை நிறுத்தி இந்தப் பக்கம் மணலும் அந்தப் பக்கம் கல்லும் கொண்டு வருவீர்களா என்று கேளுங்கள். தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், தன்மையாகக் கேட்டால் பலர் செய்து தருவார்கள். முடியாது என்றால் ஜம்போ பையில் வாங்குங்கள்.

லோரி வரும் நாளைப் பற்றி என் சொந்த அனுபவம் ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஆயர் ஹீத்தாமில் ஒரு வீட்டுக்கு மணல் இறக்கினேன். மாலை ஐந்து மணி. காலையில் அள்ளிக்கொள்ளலாம் என்று கால்வாய் ஓரமாகச் சாலையில் குவித்துவிட்டுப் போய்விட்டேன். இரவு பத்து மணிக்குப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. காலையில் போனால் குவியலில் பாதி இல்லை. எல்லாம் கால்வாய்க்குள். கால்வாய் அடைத்து, தண்ணீர் அடுத்த வீட்டு வாசலுக்குள் ஏறியிருந்தது. அந்த வீட்டு அம்மா என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மணலும் சேறுமாகக் கிடந்த வாசலை விளக்குமாறால் கூட்டிக்கொண்டே இருந்தார். மதியம் வரை வாளியில் அள்ளினேன். திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். அன்றிலிருந்து, அன்றே உள்ளே போகாத மண்ணை நான் இறக்குவதில்லை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கே தண்ணீரில் நின்றதைப் பார்த்த பிறகு, அடைபட்ட கால்வாயைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது. சாலையிலும் கால்வாயிலும் பொருளைப் போட்டு அடைப்பது 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி குற்றமும்கூட.

அதனால் காலையில் வரச் சொல்லுங்கள், ஆட்களை அதே காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம், முடிந்தால் ஜனவரி, பிப்ரவரியில் செய்யுங்கள். வாசலுக்கு உள்ளேயே இறக்குவதானால், லோரிச் சக்கரம் கால்வாய் மூடி மேலோ கழிவுநீர்த் தொட்டி மூடி மேலோ ஏறக் கூடாது. இரண்டு டன் மண்ணோடு லோரியின் எடையையும் அந்த மூடி தாங்காது. ஒரு பெரிய கென்வாஸ் விரித்து அதன் மேல் கொட்டச் சொல்லுங்கள், மிச்சத்தை அதையே மடித்து மூடிவிடலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கொட்டுவதற்கு முந்தைய இரண்டு நிமிடம். லோரி வந்து நின்றதும் டிரைவர் தொட்டியைத் தூக்கப் பார்ப்பார், அவருக்கு அடுத்த நடை இருக்கும். ‘அண்ணே, கொஞ்சம் இருங்க’ என்று சொல்லி, அளவு நாடாவும் ஒரு நீளக் கம்பியும் எடுத்துக்கொண்டு போங்கள். நீளம், அகலம், உயரம் அளந்துவிடுங்கள். உயரத்தைக் குவிந்திருக்கும் நடுவில் மட்டும் பார்க்காமல், நாலு மூலையிலும் நடுவிலும் கம்பியைக் குத்திப் பார்த்துச் சராசரி எடுங்கள். மேலாக இருக்கும் மண்ணை ஒதுக்கிவிட்டு, ஒரு அடி கீழே கையுறையோடு ஒரு பிடி அள்ளுங்கள். நீங்கள் முளைப்பாரி போட்டுப் பார்த்த அதே மண்ணா என்று உங்களுக்கே தெரியும். செங்கல் தட்டுப்பட்டால் திருப்பி அனுப்புங்கள். தொட்டி சாயும்வரை அது அவருடைய மண், சாய்ந்த பிறகு உங்களுடையது. அதனால்தான் முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். பேசியதை வாட்ஸ்அப்பில் நாலு வரியாக அனுப்பி வையுங்கள்: என்ன மண், எத்தனை கன அடி, சலித்ததா, கல் குப்பை இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வாரா, எங்கே இறக்குவார். அவர் சரி என்று பதில் போட்டால் போதும்.

கடைசியாக இட்லிப்பூ. மகளின் ரசனை நல்லதுதான், ஆனால் கடையில் கிடைக்கும் வெள்ளைக் கல் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல் அல்லது பளிங்குச் சில்லு. நம் மழையில் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மண்ணின் புளிப்பைக் குறைக்கும். இட்லிப்பூவுக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். புளிப்புக் குறைந்தால் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியாது. இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், பூவும் குறையும். அதன் தூரில் காய்ந்த இலையோ தேங்காய் மட்டைத் தூளோ போடுங்கள். வெள்ளைக் கல்லை மகள் வாங்கத்தான் வேண்டும் என்றால், வாசலில் துளசி மாடம் வைத்திருந்தால் அதைச் சுற்றியுள்ள சிமெண்டுத் தரையில் பரப்பச் சொல்லுங்கள். மாடத்துக்குள் இருக்கும் மண்ணை அது தொடாது, விளக்கு வைக்கும் நேரத்தில் பார்க்கவும் நன்றாக இருக்கும்.